தோற்பதற்கென்று அமைத்த அணி

ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்ரோனியோ நகரை அடுத்து, ரண்டோல்ப் என்னும் விமானப் படைத்தளம் இருக்கிறது. விமானமோட்டப் பயில்வோருக்கு மாத்திரமன்றி, விமானமோட்டக் கற்பிக்கப் போகும் ஆசான்களுக்கும் பயிற்சி அளிக்கும் தலம் அது. 1993 ஆம் ஆண்டில் அத்தளத்துக்கு வந்து சேர்ந்த அணி ஒன்றுக்கு 99 ஆவது விமானப் பயிற்சி அணி என்று பெயர். பல ஆண்டுகளாக அவ்வணியின் பயிற்சி விமானங்கள் வாலின் உச்சியிற் செந்நிறம் பூசிப் பறந்தன. அந்தச் சிவப்பு நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1941 ஆம் ஆண்டில் இவ்வணி பிறந்தபோது, கறுப்பு நிறத்தவனுக்குப் போர் விமானத்தை ஓட்டும் மூளையும் நெஞ்சுரமும் உண்டா என்று பார்க்கும் ‘பரிசோதனை’ என்றே படைத்துறை மேலோர் அதனைக் கருதினர். பரிசோதனை தோற்கும் என்பது அவர்களிற் பலரின் எதிர்பார்ப்பு, சிலரின் விருப்பமுங்கூட. அத்தகைய அணி, ஐம்பது ஆண்டுகளின் பின் ஆசான்களுக்கு ஆசானாய் அமர்ந்தது எங்ஙனம்? விமானிகளின் வீரத்தால் என்று கூறிவிடுவது எளிது. வீரம் இருந்தது, மறுப்பாரில்லை. ஆயின் வீரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவ்வணி 1943 ஆம் ஆண்டிலேயே போர்முனையிலிருந்து அகற்றப்பட்டிருக்கும் என்பது எமது துணிபு. அதைக் காத்தவை சட்டப் பிரிவு ஒன்றும், வழக்கு ஒன்றும், சாட்சியம் ஒன்றும், புள்ளிவிபர அறிக்கை ஒன்றுமாகும்.

1925 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி, போரிற் கறுப்பினத்தாரைப் பயன்படுத்துதல் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பர் இயல்பிலேயே பணிந்து நடப்பவர், ஆபத்து வந்தாற் தம்மை அடக்கத் தெரியாதவர், அறிவிலும் வெள்ளையருக்குத் தாழ்ந்தவர் என்பன அதன் ‘முடிபுகள்’. முதலாம் உலகப் போரிற் பிரான்ஸ் தேசத்துக்காக வானிற் பறந்து போரிட்ட யூஜீன் புல்லார்ட் என்னும் கறுப்பு அமெரிக்கர் அப்போது உயிரோடிருந்தார். அவரைத் தன் விமானப் பிரிவிற் சேர்க்க அவருடைய சொந்த நாடே மறுத்திருந்தது. பெஸ்ஸி கோல்மன் என்னும் கறுப்புப் பெண்மணி, தாயகத்திற் கற்பிப்பார் எவருமின்மையாற் பிரான்ஸ் சென்று, 1921 ஆம் ஆண்டிலே விமானி உரிமப் பத்திரம் பெற்று மீண்டிருந்தார். சாட்சிகள் கண்முன் நிற்க, அவர்களை விசாரியாமலே எழுதிய தீர்ப்பு அது. அதுவே பதினைந்து ஆண்டுகளுக்குப் படைத்துறையின் வேதமாயிற்று.

அந்த வேதத்தின் தருக்க அழகைப் பாருங்கள். வெஸ்ற் பொயின்ற் படைத்துறைக் கல்லூரியிலே பெஞ்சமின் ஓ. டேவிஸ் என்னும் இளைஞர் பயின்றார். நான்கு ஆண்டுகள் சக மாணவர் எவரும் கடமை நிமித்தமன்றி அவருடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. உணவு மேசையில் மௌனம். விடுதி அறையில் தனிமை. 1936 ஆம் ஆண்டில் அவர் உயர்ந்த நிலையிற் தேறினார். விமானப் பிரிவிற் சேர விண்ணப்பித்தார், மறுத்தனர். காரணம் யாது? விமானப் பிரிவிற் கறுப்பர் அணி எதுவும் இல்லை. ஆதலாற் கறுப்பு அதிகாரிக்கு இடமில்லை. கறுப்பர் அணி ஏன் இல்லை? கறுப்பு விமானிகள் இல்லை. ஆதலால் அணி இல்லை! இத்தகைய வாதத்துடன் ஒரு நியாயவாதி நீதிமன்றுக்கு வந்தால், நீதிபதி அவரைப் பார்த்துச் சிரிப்பார். அரசாங்கம் கூறினால் அது கொள்கை எனப்படுகிறது.

இவ்வட்டத்தை முதலில் உடைத்தது சட்டம். 1940 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொங்கிரஸ் நிறைவேற்றிய கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தில், ஆட்களைத் தெரிவதிலும் பயிற்றுவதிலும் இனம், நிறம் பற்றிய பாரபட்சம் காட்டலாகாது என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே வெள்ளை மாளிகை, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே படைப்பிரிவிற் கலப்பதில்லை என்ற கொள்கை தொடரும் என அறிவித்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பாதி பிடுங்கிக்கொண்டனர். 1941 யனவரியில், ஹவார்ட் பல்கலைக்கழக மாணவரான யான்சி வில்லியம்ஸ் என்பவர், தம்மை விமானப் பயிற்சிக்குச் சேர்க்குமாறு போர் இலாகாவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். அதே மாதம் 16 ஆந் திகதி, கறுப்பர்களைக் கொண்ட வேட்டை விமான அணி ஒன்று அமைக்கப்படும் என்று இலாகா அறிவித்தது. மார்ச் மாதம் 22 ஆந் திகதி, இலினோய் மாநிலத்துச் சனூற் தளத்தில் 99 ஆவது அணி பதிவாயிற்று. வழக்குத் தொடுத்தமைக்கும் அறிவிப்புக்கும் இடையே எத்துணை நாட்கள் என்பதை வாசகரே எண்ணிக் கொள்ளலாம்.

விமானிகளின் பயிற்சிக்கு அலபாமா மாநிலத்து டஸ்கீகி தெரிவு செய்யப்பட்டது. எமது கமக்காரர்கள் இவ்வூரை வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் தகும். 1881 ஆம் ஆண்டிற் புக்கர் ரி. வாஷிங்டன் அங்கு நிறுவிய கல்விக் கழகத்திலேதான், அடிமையாய்ப் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896 முதல் 1943 இல் இறக்கும்வரை கமத்தொழில் கற்பித்தார். ஆண்டாண்டாய்ப் பருத்தியே விதைத்துச் சாரமிழந்த நிலத்துக்குக் கச்சானும் பயறும் வற்றாளையும் உயிர் கொடுக்கும் என்று காட்டியவர் அவர். பாடசாலைக்கு வரவியலாத ஏழைக் கமக்காரரிடம் பாடசாலையே செல்லட்டும் என்று, 1906 ஆம் ஆண்டில் விதையும் கருவியும் ஏற்றிய வண்டி ஒன்றை ஊரூராய் அனுப்பியதும் அக்கழகமே. உழவு கற்பித்த அந்த மண்ணில், ரோசன்வோல்ட் நிதியம் கடனாகக் கொடுத்த 175,000 டொலரைக் கொண்டு மோற்றன் விமானத் திடல் அமைந்தது. அந்நிதியத்தின் நிருவாகிகளுள் ஒருவரான ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் றூஸ்வெல்ட், 1941 மார்ச் 29 ஆந் திகதி டஸ்கீகிக்கு வந்து, கறுப்பு ஆசானான அல்பிரட் அண்டர்சன் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். கறுப்பன் ஓட்டும் விமானத்தில் நாட்டின் முதற் பெண்மணி துணிந்து ஏறிய அந்த நிழற்படம், ஆயிரம் மேடைப் பேச்சுக்கள் செய்யாததைச் செய்தது.

ஆயினும் இத்தனித்த ஏற்பாட்டை எல்லாரும் வரவேற்றாரல்லர். இங்கேதான் இவ்வரலாற்றின் கூர்மையான வினா எழுகின்றது. போர் மந்திரியின் ஆலோசகராயிருந்தவர் வில்லியம் ஹேஸ்ரி, சட்டம் பயின்றவர், அமெரிக்க சமஷ்டி நீதிமன்று ஒன்றில் அமர்ந்த முதலாவது கறுப்பு நீதிபதி. கறுப்பருக்கென்று தனி விமானப் பள்ளி அமைப்பது பிரிவினைக்குச் சீமெந்து பூசுவதாகும் என்று அவர் வாதிட்டார். டஸ்கீகிக் கழகத்தின் தலைவர் பிரெடெரிக் பற்றர்சனோ, கிடைத்த வாயிலிற் புகுந்து திறமையைக் காட்டுவோம் என்றார். அரைப் படியை வாங்கிக்கொள்வதா, முழுப் படி அளக்கும்வரை கையை நீட்ட மறுப்பதா? உரிமைக்குப் போராடும் எந்தச் சமூகத்திலும் இவ்விரு கட்சியினரும் ஒருவரையொருவர் துரோகி என்றும் மூடன் என்றும் ஏசிக்கொள்வதைக் காண்கின்றோம். அமெரிக்கக் கறுப்பரிலும் அவ்வேச்சு இருந்தது. எமது மதிப்பீடு இது: பற்றர்சன் இல்லையேல் விமானிகள் இல்லை; ஹேஸ்ரி இல்லையேல் அவ்விமானிகள் என்றென்றும் தனிக் கொட்டிலிலேயே இருந்திருப்பர். 1943 யனவரியில் ஹேஸ்ரி, விமானப் படையின் பிரிவினைப் போக்கைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். பதவியைப் பற்றிக்கொண்டிருந்து செய்ததிலும், துறந்து அவர் செய்தது பெரிது.

1941 யூலையிற் பயிற்சி தொடங்கிய முதல் வகுப்பிற் பதின்மூவர் இருந்தனர். 1942 மார்ச் 7 ஆந் திகதி சிறகு பெற்றவர் ஐவர்: டேவிஸ், கஸ்ரிஸ், டிபோ, றொபேட்ஸ், றொஸ். மோற்றன் திடலிலே தொடக்கப் பயிற்சி அளித்தோர் கறுப்பர். உயர் பயிற்சித் தளத்தில் ஆசான்கள் வெள்ளையர். அத்தளத்துக்குப் பின்னர் தலைமை தாங்கிய நொயெல் பரிஷ் என்னும் தென்மாநிலத்து வெள்ளை அதிகாரி நேர்மையாளர். தமது மாணவரை மனிதராகவும் விமானிகளாகவும் அளந்தாரேயன்றி நிறத்தால் அளந்தாரல்லர். அத்தகைய ஒருவர் அவ்விடத்தில் அமையாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே கூசுகிறது. 1946 ஆம் ஆண்டுவரை டஸ்கீகியிற் தேறிய விமானிகள் 992 பேர். அவர்களுட் கடல் கடந்து போர் புரிந்தோர் 355 பேர்.

1943 ஏப்ரிலில் டேவிசின் தலைமையில் அணி வட ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது. யூன் 2 ஆந் திகதி பன்டெலேரியாத் தீவின் மேல் முதற் போர்ப் பறப்பு. யூலை 2 ஆந் திகதி சிசிலியின் மேல் சார்ள்ஸ் ஹோல் என்பவர் ஜேர்மன் விமானம் ஒன்றை வீழ்த்தினார். இதன் பின்னர்தான் முதுகிற் குத்து விழுந்தது. 99 ஆவது அணியை இணைத்துக் கொண்டிருந்த 33 ஆவது தொகுதியின் தளபதி கேணல் மொமையர், இவ்வணியினரிடம் ஒழுங்கும் துணிவும் போதா, மற்றைய அணிகளுக்கு இவர்கள் நிகரல்லர் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராய் அதற்கு ஒப்பமிட்டனர். அணியைப் போர்முனையிலிருந்து அகற்றிக் கரையோரக் காவலில் இருத்தலாம் என்ற யோசனை வாஷிங்டன் வரை சென்றது. ‘ரைம்’ சஞ்சிகையும் செப்டெம்பரில் இதனை எழுதிற்று.

அதே ஆண்டு ஒக்டோபரிற் போர் இலாகாவின் ஆலோசனைக் குழு முன் டேவிஸ் சாட்சியம் அளித்தார். சீற்றம் கொள்ளவில்லை, இனத் துவேஷம் என்று முழங்கவுமில்லை. மற்றைய அணிகளிற் புதிய விமானிக்கு வழிகாட்டப் போர் கண்ட மூத்தவர் இருந்தனர். எமது அணியிலோ தளபதி முதல் எவரும் முன்பு போர் கண்டதில்லை. மற்றையோருக்குக் குறைவு நிரப்ப ஆட்கள் வந்தனர், எமக்கு வரவில்லை, குறைந்த தொகையினர் கூடுதலாகப் பறந்தோம். இவ்வாறு விடயத்தை விடயமாக எடுத்துரைத்தார். அதற்குமுன் போர் கண்டவர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை, கேள்வி கேட்டவர்களிடமே இருந்தது! குழு ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டது. மத்தியதரைக் கடற் பகுதியில் அதே இன விமானங்களை ஓட்டிய அணிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, 1944 மார்ச் முடிவிற் தயாரான அறிக்கை, 99 ஆவது அணிக்கும் மற்றைய அணிகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று கூறிற்று. அதற்கிடையில் 1944 யனவரி 27 ஆந், 28 ஆந் திகதிகளில், இத்தாலியின் அன்சியோக் கரையின் மேல் அணியினர் பத்துக்கு மேற்பட்ட பகை விமானங்களை வீழ்த்தியிருந்தனர். அப்போது அவர்கள் வேறொரு தொகுதியுடன், வேறொரு தளபதியின் கீழ் இருந்தனர் என்பதும் கருதத் தக்கது. மொமையரோ பிற்காலத்தில் நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்ந்தார். பொய்யறிக்கையாற் பதவி கெட்ட அதிகாரிகள் எந்நாட்டிலும் அரியரே.

1944 யூலையில் அணி 332 ஆவது தொகுதியுடன் சேர்ந்தது. அத்தொகுதியின் விமானங்களுக்கு வாலிற் செந்நிறம் பூசினர். இன்றும் பேசப்படும் செவ்வால் அதுவே. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகச் செல்வது அவர்களின் தலையாய பணி. 1945 மார்ச் 24 ஆந் திகதி பேர்லின் வரை காவல் சென்று, ஜேர்மனியரின் மூன்று தாரை விமானங்களை வீழ்த்தினர். இவர்கள் காத்துச் சென்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றேனும் பகைவரால் வீழ்த்தப்பட்டதில்லை என்றொரு பேச்சு நெடுங்காலம் வழங்கிற்று. அது மெய்யன்று. அமெரிக்க விமானப் படையின் வரலாற்று ஆய்வாளரே பதிவுகளைத் துருவி, இருபத்தைந்துக்குக் குறையாத விமானங்கள் வீழ்ந்தன என்று காட்டினர். ஒத்த பணி செய்த மற்றைய தொகுதிகளின் சராசரி இழப்பு 46. முதிய விமானிகள் சிலர் இம்முடிபாற் புண்பட்டனர். புண்படத் தேவையில்லை என்போம். பூச்சியம் என்ற கற்பனையிலும் இவ்வொப்பீடு வலியது. எதிர்க்கட்சி நியாயவாதி எழுந்து குறுக்கு விசாரணை செய்தாலும் அது குலையாது.

இனி பிரீமன் தளத்து விவகாரம். சட்டம் பயின்றோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். 477 ஆவது குண்டுவீச்சுத் தொகுதி கறுப்பு அதிகாரிகளைக் கொண்டது. 1945 ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்துப் பிரீமன் தளத்திற் பயின்றது. தளத்தில் அதிகாரிகளுக்கு இரண்டு மன்றங்கள். நிறத்தின்படி பிரித்தாற் தரைப்படையின் பிரமாணம் தடுக்கும். 210-10 என்ற அப்பிரமாணம், எந்த அதிகாரியையும் அதிகாரிகள் மன்றத்திலிருந்து விலக்கலாகாது என்றது. எனவே தளபதி கேணல் செல்வே ஓர் உபாயம் கண்டார். ஒரு மன்றம் ‘மேற்பார்வை செய்வோருக்கு’. மற்றையது ‘பயிற்சி பெறுவோருக்கு’. கறுப்பு அதிகாரி என்ன பதவி வகித்தாலும், எத்துணை அனுபவம் உடையவராயினும், அவர் பயிற்சி பெறுபவர்! ஏப்ரில் மாதத்திற் கறுப்பு அதிகாரிகள் அணி அணியாய் வெள்ளையர் மன்றத்துட் புகுந்து கைதாயினர். பின்னர் இவ்விதியை வாசித்து விளங்கிக்கொண்டதாகக் கையொப்பமிடுமாறு ஒவ்வொருவருக்கும் கட்டளை பிறந்தது. போர்க்காலத்தில் மேலதிகாரியின் கட்டளையை மீறினால் மரண தண்டனையும் விதிக்கலாம் என்ற சட்டம் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 101 பேர் ஒப்பமிட மறுத்தனர். பின்னாளில் டெற்றொயிற் மாநகர முதல்வரான கோல்மன் யங் அவர்களுள் ஒருவர்.

படைத் தலைமை பின்வாங்கிற்று. 101 பேரும் கண்டனக் கடிதத்துடன் விடுவிக்கப்பட்டனர். மூவர் மீது மாத்திரம் படை நீதிமன்று விசாரணை நடந்தது. இருவர் விடுதலை பெற, றொஜர் ரெரி என்பவர் மட்டும், ஓர் அதிகாரியை இடித்துத் தள்ளிய குற்றத்துக்காக 150 டொலர் தண்டம் இறுத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995 ஆம் ஆண்டில், கண்டனக் கடிதங்கள் கோவைகளிலிருந்து அகற்றப்பட்டன; ரெரியின் குற்றத் தீர்ப்பு நீக்கப்பட்டுத் தண்டப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இவ்விவகாரத்தின் பின் செல்வே அகற்றப்பட்டு, தொகுதியின் தலைமை டேவிசிடம் வந்தது. ஐரோப்பாவில் இருந்து மீண்ட 99 ஆவது அணியும் 1945 யூனில் அதனுடன் சேர்ந்தது.

1948 யூலை 26 ஆந் திகதி ஜனாதிபதி ட்ரூமன் 9981 ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்தார். பிலிப் றண்டோல்ப் என்னும் தொழிற்சங்கத் தலைவர், பிரிவினைப் படையிற் சேர மறுக்குமாறு இளைஞரைக் கேட்பேன் என்று கொங்கிரஸ் குழுவின் முன்னிலையிலேயே கூறிய சில மாதங்களின் பின் அது வந்தது. அவ்வாணையிற் பிரிவினை என்ற சொல்லே இல்லை. சமமாக நடத்துதல், சம வாய்ப்பு என்பனவே உள்ளன. அவ்விரு சொற்களுக்குப் பொருள் கொடுக்கச் சார்ள்ஸ் பேஹி என்னும் சட்ட வல்லுநரின் தலைமையில் அமைந்த குழு 1950 வரை படைத்துறையோடு மல்லாட வேண்டியிருந்தது. 1949 மே மாதம் லாஸ் வேகாசில் நடந்த விமானப் படையின் முதலாவது சூட்டுப் போட்டியில், 332 ஆவது தொகுதியினர் உந்துசுழல் விமானப் பிரிவிற் கிண்ணத்தை வென்றனர். அடுத்த யூலை முதலாந் திகதி அத்தொகுதியும் 99 ஆவது அணியும் கலைக்கப்பட்டன. வீரர்கள் ஏனைய அணிகளிற் சேர்க்கப்பட்டனர். தமது அணியைத் தாமே நடத்திய பெருமிதம் போயிற்றே என்று வருந்தியோரும் இருந்தனர். அவ்வருத்தத்தை நாம் இகழோம். ஆயினும் ஹேஸ்ரியின் முழுப் படி அன்றுதான் அளக்கப்பட்டது. வென்ற கிண்ணமோ பல ஆண்டுகள் கண்ணுக்கெட்டாமற் கிடந்தது. அப்போட்டியில் வென்றவர் யார் என்பது தெரியாது என்றே விமானப் படைபற்றிய ஆண்டுநூல் 1990 களின் நடுப்பகுதி வரை அச்சிட்டு வந்தது!

படையிற் சுவர் இடிந்தபின்னும் டஸ்கீகி ஊரிற் சுவர் நின்றது. 1957 ஆம் ஆண்டில் அலபாமாச் சட்டசபை, சதுரமாயிருந்த அந்நகரின் எல்லையை இருபத்தெட்டுப் பக்கங்களுள்ள விசித்திர உருவாக மாற்றி வரைந்தது. ஏறத்தாழ நானூறு கறுப்பு வாக்காளருள் நால்வர் ஐவர் தவிர மற்றையோர் ஒரே நாளில் ஊருக்கு வெளியே போயினர். வெள்ளை வாக்காளர் ஒருவரேனும் வெளியே போகவில்லை. 1960 நவம்பரில் உயர் நீதிமன்று கொமிலியன் வழக்கில் இச்சூழ்ச்சியைச் செல்லாததாக்கிற்று. பேர்லின் வரை பறக்கத் தகுந்தவரை விளைத்த ஊரிலே, உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க வழக்காட வேண்டியிருந்தது.

1988 யூலையில் 99 ஆவது அணி அரிசோனா மாநிலத்து வில்லியம்ஸ் தளத்திற் பயிற்சி அணியாக மீண்டும் உயிர்பெற்றது. அத்தளம் மூடப்பட்டபோது, 1993 மே மாதம் ரண்டோல்புக்கு மாறிற்று. ஒரு காலத்திற் ‘பயிற்சி பெறுவோர்’ என்ற சொல்லைக் கொண்டே கறுப்பு அதிகாரிகளை வாசலில் நிறுத்தினர். அவர்களின் அணியிலக்கம் பின்னர் பயிற்றுவோரைப் பயிற்றும் அணிக்கு உரியதாயிற்று. 2019 ஆம் ஆண்டில் விமானப் படையின் புதிய பயிற்சி விமானத்துக்கு, செவ்வாலர் நினைவாகச் ‘செம்பருந்து’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது.

இவ்வளவும் நடந்தபின், 2025 யனவரியில், பன்முகத்தன்மைத் திட்டங்களை ஒழிக்கும் ஜனாதிபதி ட்ரம்பின் ஆணையைத் தொடர்ந்து, சான் அன்ரோனியோவின் லாக்லண்ட் தளத்திற் புதிய படையினருக்குக் காட்டிவந்த டஸ்கீகி விமானிகள் பற்றிய படங்கள் பாடத்திலிருந்து அகற்றப்பட்டன. லாக்லண்டும் ரண்டோல்பும் ஒரே கூட்டுத் தளத்தின் பகுதிகள். கண்டனம் எழுந்தது, சில நாட்களுட் படங்கள் மீண்டும் சேர்க்கப்பட்டன. சேர்த்தது நன்று. அப்படங்களோடு 1925 ஆம் ஆண்டுப் போர்க் கல்லூரி அறிக்கையையும், 1943 ஆம் ஆண்டு மொமையர் எழுதியதையும், 1944 மார்ச் மாதத்துப் புள்ளிவிபரத்தையும் ஒருங்கே கட்டிப் பாடநூலாக்கி, ரண்டோல்பில் ஆசானாகப் போகும் ஒவ்வொரு விமானியின் கையிலும் கொடுத்தல் வேண்டும். மாணவன் ஒருவனைப்பற்றித் தேறான் என்று எழுதப் பேனாவை எடுக்குமுன் அவர்கள் அதனை ஒருமுறை படிக்கட்டும்.